வாக்குச்சீட்டும் தணிக்கை அறிக்கையும்: நகர மன்றங்களிடம் கணக்குக் கேட்பது யார்?

ஒரு நிறுவனத்தின் இயக்குநர் அந்த நிறுவனத்திற்குக் கட்டுப்பட்டிருப்பதைப் போலவே, குடியிருப்புகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தை நடத்தும் நாடாளுமன்ற உறுப்பினரும் அந்த மன்றத்திற்குக் கட்டுப்பட்டவரா? 2022 நவம்பரில் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடையளித்த கேள்வி இது. சட்ட நுணுக்கம் போலத் தோன்றினாலும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவரையும் தொடும் கேள்விதான் இது. அந்தப் பணத்தைச் செலவிடுபவர் தவறிழைத்தால் அவரை எங்கே நிறுத்திக் கேட்பது, நீதிமன்றத்திலா, அமைச்சிலா, வாக்குச்சாவடியிலா என்பதுதான் அதன் உள்ளடக்கம். சிங்கப்பூர் இந்தக் கேள்விக்கு ஒரே விடையை எப்போதும் சொன்னதில்லை. 1988இல் ஒன்றைச் சொன்னது. 2017இல் ஏறத்தாழ அதற்கு மாறான ஒன்றைச் சொன்னது. இன்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1951இல் நகரத் தகுதி பெற்ற சிங்கப்பூருக்கு ஒரு காலத்தில் முறையான மாநகர மன்றம் இருந்தது. துப்புரவு வேலையிலும் சாலை வேலையிலும் தமிழ்த் தொழிலாளர்களைப் பெருமளவில் அமர்த்தியிருந்த பழைய நகராண்மை நிர்வாகத்தின் வாரிசு அது. 1957 டிசம்பர் தேர்தலில் அதன் 32 இடங்களும் முதன்முறையாக முழுமையாகத் தேர்தல் வழியே நிரப்பப்பட்டன. ஓங் எங் குவான் மேயரானார். இரண்டு ஆண்டுகூட அது நீடிக்கவில்லை. 1959இல் சுயாட்சி வந்ததும் மாநகர மன்றத்தின் அதிகாரங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவை 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு, குடியிருப்பாளருக்கும் அமைச்சுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இன்று சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள் மேயர் என்று அழைக்கப்படுகிறார்கள் என்றாலும், அந்தப் பதவிக்கும் பழைய மாநகர மேயர் பதவிக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே நகர மன்றங்கள். 1986இல் அங் மோ கியோவில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1988இல் நகர மன்றங்கள் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு முதல் அவை படிப்படியாக அமைக்கப்பட்டன. தாழ்வாரம், மின்தூக்கி, புளோக்கின் கீழ்த்தளம், தண்ணீர்த் தொட்டி, பொதுவிளக்கு, திறந்தவெளி என வீவக குடியிருப்புகளின் பொதுச்சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து அந்தந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வந்தது. சட்டத்தின் பின்னிருந்த வாதம் வெளிப்படையானது. குடியிருப்பைச் சரியாக நடத்தத் தெரியாதவரைத் தேர்ந்தெடுத்தால் அதன் விளைவை வாக்காளரே தம் வாசலில் காண்பார், ஆகவே அவர் யோசித்து வாக்களிப்பார் என்பதே அது. அதாவது, கணக்குக் கேட்கும் வேலை வாக்காளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அமைச்சு வேண்டுமென்றே ஓரடி விலகி நின்றது.

இந்த வடிவமைப்பில் ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது என்பது என் கருத்து. வாக்குச்சீட்டில் இடப்படும் ஒரே ஒரு குறி, நாட்டை யார் ஆள்வது, தொகுதியின் குரலாக யார் ஒலிப்பது, மின்தூக்கியை யார் பழுதுபார்ப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பைத்தொட்டி நிரம்பி வழிவதற்காக ஒருவர் தம் அரசியல் நம்பிக்கையை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது சற்று மிகையானது. அதைவிட முக்கியமாக, வாக்காளர் கண்ணுக்குத் தெரிவது துப்புரவு மட்டுமே. கணக்குப் புத்தகம் தெரிவதில்லை.

கணக்குப் புத்தகத்திலோ பெரிய தொகைகள் உண்டு. குடியிருப்பாளர் கட்டும் கட்டணமும் அரசாங்க மானியமும் நகர மன்றத்தின் முதன்மை வருவாய். அதில் ஒரு பங்கை அன்றாடச் செலவுக்குத் தொடாமல், 'சிங்கிங் ஃபண்ட்' எனப்படும் நீண்டகாலச் சேமிப்பில் போட்டு வைக்க வேண்டும். புளோக்குகளுக்கு மறுபடி வண்ணம் பூசுதல், கூரையையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் போன்ற பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுகளுக்காக அது சேர்க்கப்படுகிறது. இன்றைக்கு ஒழுங்காகச் சேர்க்காவிட்டால் விளைவு பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது அந்தத் தொகுதியின் எல்லைக்கோடே மாறியிருக்கலாம். முடிவெடுத்தவர்கள் அரசியலைவிட்டே போயிருக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலால் அளக்க முடியாத காலம் அது.

2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் சரிந்தபோது இந்தச் சேமிப்பு நிதி முதன்முறையாகப் பொதுப் பேச்சுக்கு வந்தது. எட்டு நகர மன்றங்கள் சுமார் 16 மில்லியன் வெள்ளியைச் சிக்கலுக்குள்ளான முதலீட்டுப் பத்திரங்களில் போட்டிருந்தது தெரியவந்தது. நகர மன்றங்களின் மொத்த நிதியுடன் ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். இருப்பினும், தங்கள் கட்டணத்தில் ஒரு பகுதி உலகச் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதே பல குடியிருப்பாளர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. 2010 முதல் தேசிய வளர்ச்சி அமைச்சு நகர மன்ற நிர்வாக அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல்பாடு, கட்டண நிலுவை ஆகியவற்றில் ஒவ்வொரு மன்றமும் எப்படிச் செய்கிறது என்பது பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம்பிரித்துக் காட்டப்பட்டது. நிர்வாக ஒழுங்கும் அதில் சேர்க்கப்பட்டது. சட்டத்தை மாற்றாமல், வாக்காளர் கையில் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கும் முயற்சி அது.

அடுத்து நடந்தவை மதிப்பெண் பட்டியலுக்குள் அடங்கவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சியின் நகர மன்றங்கள் தாங்கள் சேர்ந்து உருவாக்கிய கணினி மென்பொருளை, அந்தக் கட்சிக்கே சொந்தமான ஏஐஎம் என்னும் நிறுவனத்திற்கு 140,000 வெள்ளிக்கு விற்றிருந்தன; பிறகு அதனிடமிருந்தே குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. 2012 இறுதியில் இது விவாதமானது. அமைச்சு மறுஆய்வு செய்து 2013 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. நகர மன்றங்களின் அமைப்பையே முழுமையாக மீள்பார்வையிட வேண்டும் என்ற பரிந்துரை அதில் இருந்தது. சட்டம் மீறப்பட்டதா என்பதைவிட ஆழமான கேள்வி ஒன்றை அந்த விவகாரம் எழுப்பியது. நகர மன்றம் பொது அமைப்பா, கட்சியின் நீட்சியா? அரசியல்வாதி கையில் கொடுத்ததே அரசியல் பொறுப்பு வர வேண்டும் என்பதற்காகத்தான் என்றால், அரசியல் அங்கே கலந்துவிட்டது என்று பின்னர் வியப்பதில் பொருளில்லை.

ஆனால் 1988ஆம் ஆண்டின் கணக்கை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தது அல்ஜுனிட்தான். 2011 பொதுத்தேர்தலில் பாட்டாளிக் கட்சி, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அந்தக் குழுத்தொகுதியை வென்றது. குழுத்தொகுதி ஒன்று எதிர்க்கட்சியிடம் சென்றது அதுவே முதல்முறை. நிர்வாகம் கைமாறிய வேளையில், மன்றத்தின் அன்றாட வேலைகளை நடத்தும் புதிய நிர்வாக முகவர் நிறுவனம் ஒன்று ஏலக்குத்தகை இன்றி நியமிக்கப்பட்டது. அவசரமே காரணம் என்று சொல்லப்பட்டது. சிக்கல் நியமன முறையில் மட்டும் இருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களே நகர மன்றத்தின் உயர் பொறுப்புகளிலும் அமர்ந்திருந்தார்கள். பணம் பெறுபவரும் பணம் கொடுப்பதைச் சரிபார்ப்பவரும் ஒரே வட்டத்தில் இருந்தால், எல்லாரும் நேர்மையானவர்களாகவே இருந்தாலும், அதை நிரூபிக்க வழியில்லாமல் போகிறது. மன்றத்தின் கணக்காய்வாளர்கள் கணக்குகளைப் பற்றிக் கருத்துரைக்க இயலாது என்று எழுதினார்கள். தணிக்கை மொழியில் 'குறை இருக்கிறது' என்பதைவிடக் கடுமையான சொல் அது.

2014இல் அந்த மன்றத்தைத் தணிக்கை செய்யும்படி நிதியமைச்சர் தலைமைக் கணக்காய்வாளரைப் பணித்தார். 2015 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, தொடர்புடைய நிறுவனங்களுடனான பரிவர்த்தனைகளைக் கண்காணித்ததிலும், சேமிப்பு நிதிக்கு உரிய நேரத்தில் பணம் மாற்றியதிலும், நிலுவைக் கட்டணங்களைக் கையாண்டதிலும் குறைகளைப் பட்டியலிட்டது. நாடாளுமன்றம் இரண்டு நாள் அதை விவாதித்தது. பின்னர் அமைச்சு, மன்றத்தில் சுயேச்சைக் கணக்காளர்களை நியமிக்க நீதிமன்றத்தை நாடியது. இங்கேதான் பழைய வடிவமைப்பு தன் உண்மை முகத்தைக் காட்டியது. மன்றம் தன் கடமையைச் செய்யவில்லை என்று வழக்குத் தொடுக்கும் உரிமையைச் சட்டம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திற்கும் குடியிருப்பாளர்களுக்கும் அளித்திருக்கிறதே தவிர அமைச்சுக்கு அளிக்கவில்லை என்று 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேளையில், கழகத்தின் இசைவுடன் கணக்காளர்களை நியமிக்கும்படி நகர மன்றத்திற்கு ஆணையும் இட்டது. சட்டத்தை இயற்றியவர்கள் விலகி நிற்க வேண்டும் என்று எண்ணினார்கள். சட்டம் அவர்களை விலக்கியே வைத்திருந்தது.

அந்தத் தீர்ப்புக்கான பதிலாகவே 2017 திருத்தத்தைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், நகர மன்றங்களை ஆய்வு செய்யவும் விசாரணை நடத்தவும் அமைச்சுக்கு அதிகாரம் கொடுத்தன. சில கடமைகளை மீறுவதைக் குற்றமாக்கின. மின்தூக்கி மாற்றுவதற்கென்று தனி நிதி ஒன்றும் அதே காலத்தில் வந்தது. கட்டண, மானிய வருவாயில் குறைந்தது 26 விழுக்காடு சேமிப்பு நிதிக்கும் 14 விழுக்காடு மின்தூக்கி நிதிக்கும் போக வேண்டும் என விதிக்கப்பட்டது. கையில் வரும் நூறு வெள்ளியில் நாற்பது வெள்ளியை இன்றைய மன்றம் தொட முடியாது என்று இதற்குப் பொருள். வாக்காளர் கேட்க முடியாத நீண்டகாலக் கணக்கைச் சட்டமே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறது. 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நிர்வாக நெறிமுறை, 'பின்பற்று, இல்லையேல் காரணம் சொல்' என்ற அடிப்படையில் அமைந்தது.

இதற்கிடையே அல்ஜுனிட் விவகாரம் நீதிமன்றத்தில் தொடர்ந்தது. சுயேச்சைக் குழு ஒன்றின் மேற்பார்வையில் 2017இல் தொடுக்கப்பட்ட வழக்கில், பாட்டாளிக் கட்சித் தலைவர்கள் நம்பிக்கைக் கடமையை, அதாவது ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவரின் நலனுக்காகவே நடத்த வேண்டிய கடமையை, மீறினார்கள் என்று 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் கூறியது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நகர மன்ற உறுப்பினரின் கடமை சட்டத்திலிருந்து வருவது, அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்ட வரம்புக்குள் இருப்பது. நிறுவன இயக்குநருக்குரிய நம்பிக்கைக் கடமை அவருக்கு இல்லை என்றது. முகவரை நியமித்த முடிவு நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்டதால் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் பணம் வழங்கும் முறையில் போதிய கட்டுப்பாடு வைக்காதது உள்ளிட்ட சிலவற்றில் கவனக்குறைவு இருந்தது என்றும் கூறியது. இரு தரப்பு ஆதரவாளர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழுத் தீர்ப்பும் சொல்வது வேறு: நல்ல நோக்கம் இருந்ததா என்பது ஒரு கேள்வி, நல்ல நடைமுறை இருந்ததா என்பது இன்னொரு கேள்வி, ஒன்றுக்கு 'ஆம்' என்பதால் மற்றொன்று தீர்ந்துவிடுவதில்லை.

ஊழல் வேறு வகை. அங் மோ கியோ நகர மன்றத்தின் பொது மேலாளராக, நிர்வாக முகவர் நிறுவனத்தின் வழி பணியாற்றிய ஒருவர், குத்தகை நிறுவனங்களின் இயக்குநரிடமிருந்து கேளிக்கைச் செலவு உள்ளிட்ட சலுகைகளைப் பெற்றதற்காக 2019இல் சிறைத்தண்டனை பெற்றார். அங்கே அரசியல் விவாதம் அவ்வளவாக எழவில்லை; எழத் தேவையும் இருக்கவில்லை. 1952இல் அமைக்கப்பட்ட லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமரின் கீழ் இருந்தாலும், அவர் விசாரணைக்கு இசையாவிட்டால் அதிபரின் ஒப்புதலோடு விசாரணையைத் தொடர அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. கையூட்டுக்குச் சிங்கப்பூரிடம் கூர்மையான கத்தி இருக்கிறது. கையூட்டு இல்லாத அலட்சியத்திற்கு, எந்தக் கருவியை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

நகர மன்றங்களுக்கு வெளியே, அமைச்சுகளிலும் ஆணை பெற்ற கழகங்களிலும், அந்தக் கருவி தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம். அதன் ஆண்டறிக்கை அதிபரிடம் கொடுக்கப்பட்டு, வழக்கமாக ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. பிறகு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அந்தந்த அமைப்புகளிடம் விளக்கம் கேட்டுத் தன் அறிக்கையை வெளியிடுகிறது. இந்தியாவில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே இத்தகைய குழுவுக்குத் தலைமை தாங்குவது மரபு, பிரிட்டனிலும் அப்படியே. இங்கே ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர் தலைமை தாங்குகிறார்.

அந்த அறிக்கைகளைப் பொறுமையாகப் படிப்பவருக்கு ஒரு பாணி தென்படும். மேற்கோள்விலை கேட்ட தேதிக்கும் வேலை தொடங்கிய தேதிக்கும் இடையிலான முரண், தக்க ஒப்புதலுக்கு முன்பே செய்யப்பட்ட செலவு, ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலில் இல்லாத வேலைகளுக்கான 'ஸ்டார் ரேட்' விலைகள் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசியாகச் சொன்னது கட்டுமான வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் இல்லாத ஒரு பொருள் திடீரென்று தேவைப்பட்டால், ஒப்பந்ததாரர் அதன் விலை நியாயமானது என்று காட்டப் பிற நிறுவனங்களின் விலைக்கடிதங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் உண்மையானவைதாமா என்று ஐயுற வைக்கும் தடயங்களைத் தணிக்கையாளர்கள் கண்டிருக்கிறார்கள். தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுக்கென்று வைத்த காகிதமே வெறும் சடங்காகிவிட்டதை அது காட்டுகிறது.

2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 பிராம்ப்டன் மடிப்பு மிதிவண்டிகளைத் தலா 2,200 வெள்ளிக்கு வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். மொத்தம் 57,200 வெள்ளி. ஏலக்குத்தகைக்கு வந்தது ஒரே நிறுவனம். அரசாங்கக் கொள்முதல் அறிவிப்புகள் 'ஜிபிஸ்' இணையத்தளத்தில் எவரும் பார்க்கும்படி இருப்பதால்தான் பொதுமக்களே அதைக் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பினார்கள். தொடர்புடைய அதிகாரி இறுதியில் 5,000 வெள்ளி அபராதம் செலுத்த நேர்ந்தது விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கியதற்காக அல்ல, விற்பனையாளருடனான பழக்கம் குறித்துத் தணிக்கையாளர்களிடம் பொய் சொன்னதற்காக. கணக்குக் கேட்பவரிடம் பொய் சொல்வதைச் சிங்கப்பூர் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. குடிமகன் கணக்குக் கேட்க முடிந்ததற்குக் காரணம் தகவல் வெளியில் கிடந்ததுதான் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பல நேரங்களில் சிக்கல் அதற்கும் முன்பே தொடங்குகிறது: யாரைக் கேட்பது? 2014 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக் அருகே வழியில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். பக்கச் சரிவு ஓர் அமைப்பின் பொறுப்பு, நடுவில் செல்லும் பூங்கா இணைப்புப் பாதை மற்றொன்றின் பொறுப்பு, சாலையோர நடைபாதை மூன்றாவதன் பொறுப்பு. குச்சி எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அதை எடுப்பவர் யார் என்பது முடிவாகும். அதே ஆண்டில் நகராட்சிச் சேவைகள் அலுவலகமும், 2015 தொடக்கத்தில் ஒன்சர்வீஸ் என்னும் புகார்ச் செயலியும் வந்தன. தேக்கா நிலையத்திற்குப் போய்வருபவர்கள் இதை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். சந்தைக்கும் உணவுக்கடைகளுக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியம், மேலே உள்ள வீடுகளின் தாழ்வாரத்திற்கு நகர மன்றம், வெளியே சிராங்கூன் சாலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம். இன்று புகாரைப் படத்தோடு அனுப்பினால் அது உரிய இடத்திற்குச் சென்று சேர்கிறது, உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் செயலி தீர்ப்பது கழிவுநீர்க் குழாயின் கசிவை. அந்தக் குழாயைப் பராமரிக்கும் ஒப்பந்தம் ஏன் அந்த விலைக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்க அதில் பொத்தான் இல்லை.

அப்படிக் கேட்பதற்கான வேறு கதவுகள் சிங்கப்பூரில் குறைவு. தகவல் உரிமைச் சட்டம் இல்லை. நிர்வாகத்தின் மீதான குடிமக்கள் முறையீடுகளை ஆராயும் ஓம்புட்ஸ்மன் பதவி வேண்டும் என்று 1966இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் பரிந்துரைத்தது; அந்தப் பதவி இன்றுவரை உருவாக்கப்படவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக் கூட்டமே போதும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பெரும்பாலான குறைகளுக்கு அது பயனுள்ள வழி என்பதில் ஐயமில்லை. சந்திப்புக்கு வரிசையில் காத்திருக்கும் தமிழ் மூத்தோருக்கு உறுப்பினரின் கையெழுத்திட்ட கடிதம் எவ்வளவு வேலை செய்யும் என்பது நன்கு தெரியும். ஆனால் முறையீடு நகர மன்றத்தின் மீதே என்றால், புகாரைப் பெறுபவரும் புகாருக்கு உள்ளாகிறவரும் ஒருவரே.

எஞ்சியிருப்பது நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் நகர மன்றக் கணக்கறிக்கை. மன்றங்களின் இணையத்தளங்களிலும் அது கிடைக்கிறது. அதில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை: கணக்காய்வாளரின் கருத்துப் பத்தியில் ஆட்சேபம் ஏதும் குறிப்பிடப்பட்டுள்ளதா, நிலுவைக் கட்டணம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா, சேமிப்பு நிதி எதில் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது, தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பில் யார் பெயர் வருகிறது. மக்கள் செயல் கட்சியின் நகர மன்றங்கள் 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் இரண்டு கட்டமாகக் கட்டணத்தை உயர்த்தியபோது எரிசக்தி, ஆள்பலச் செலவுகளைக் காரணமாகச் சொன்னன. அந்தக் காரணம் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைக் கணக்கறிக்கையின் செலவுப் பக்கத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒருவர் தாமே அறிந்துகொள்ளலாம். கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளையும் காண முடிகிறது. ஆனால் கணக்கறிக்கையும் அதன் குறிப்புகளும் வழக்கமாக ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன.